வில்லில் ஏறாத கொலை

எழுபதுகளின் தொடக்கத்தில், அம்மன் கோயில் கொடை முடிந்த ஒரு விடிகாலையில், வில்லையும் குடத்தையும் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த அண்ணாவியிடம் ஒரு கேள்வி கேட்டேன். கல்லூரியில் சேர்ந்திருந்தேன். நாலு புத்தகம் படித்துவிட்டு ஊரில் உள்ள சகலத்தையும் சந்தேகிக்கப் பழகியிருந்த வயது. இரவு முழுக்க அவர் இசக்கி கதை பாடியிருந்தார். குரல் அடியோடு போயிருந்தது.

"பாட்டா, லக்ஷ்மிகாந்தன் கொலைய ஏன் ஆரும் வில்லுல பாடல்ல? நம்ம என்.எஸ்.கே. செயிலுக்குப் போன கதையில்லா?"

அவர் கயிற்றை இறுக்கியபடியே சொன்னார்: "குத்துனவன் ஆருண்ணு தெரியாம எப்பிடி மக்கா வில்லடிக்கது? செத்தவனக் கொண்டு எங்க இருத்த?"

அன்று இந்தப் பதிலை ஒரு பாமரனின் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டு நண்பர்களிடம் சொல்லிச் சிரித்தேன். இத்தனை வருஷங்களுக்குப் பிறகு யோசிக்கையில், இந்த வழக்கைப் பற்றி நான் கேட்டவற்றில் யோசித்துச் சொல்லப்பட்ட வார்த்தை அது ஒன்றுதான் என்று படுகிறது.

நாஞ்சில் நாட்டில் கொலையுண்டவர்கள் சும்மா சாவதில்லை. அநியாயமாய்ச் செத்தவன் மாடனாகிறான், செத்தவள் இசக்கியாகிறாள். மார்த்தாண்ட வர்மா காலத்துத் தம்பிமார் கொலையும் வில்லுக்கு வந்திருக்கிறது. பீடம் போட்டு, படையல் வைத்து, வருஷத்துக்கொரு தடவை உடுக்கின் முன்னால் அந்தச் சாவை முழுசாகத் திரும்ப நிகழ்த்தி, இறந்தவரைச் சமாதானப்படுத்துகிறார்கள். இதில் மர்மம் என்ற அம்சத்துக்கே இடம் கிடையாது. யார் கொன்றான், எதற்குக் கொன்றான் என்பது முதல் அடியிலேயே சபைக்குத் தெரியும். தெரிந்த கொலையைத்தான் விடிய விடியக் கேட்கிறார்கள். அண்ணாவி சொன்னது இந்தச் சடங்கின் இலக்கணம். கொன்றவனுக்குப் பெயர் இல்லையென்றால் செத்தவனுக்குப் பீடம் இல்லை.

வழக்கின் விவரங்கள் இன்று பலருக்கும் மங்கியிருக்கும். சி. என். லக்ஷ்மிகாந்தன், போலிப் பத்திரம் தயாரித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டு அந்தமான்வரை போய் வந்தவர். 1943இல் 'சினிமா தூது' என்று ஒரு வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். நடிகர் நடிகையரின் படுக்கையறைதான் விஷயம். எழுதாமல் இருப்பதற்கும் பணம் வாங்குகிறார் என்பது அன்றைய பேச்சு. யுத்த காலம், காகிதத்துக்குக் கட்டுப்பாடு, பத்திரிகை நடத்த அனுமதி வேண்டும். எம். கே. தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் டைரக்டர் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனுக் கொடுத்தார்கள். அனுமதி பறிபோயிற்று. லக்ஷ்மிகாந்தன் அசரவில்லை. 'இந்துநேசன்' என்ற பத்திரிகையைக் கைப்பற்றிக்கொண்டு மேலும் உக்கிரமாக எழுதினார்.

1944 நவம்பர் 8ஆம் தேதி காலை, வேப்பேரியில் தமது வக்கீலைப் பார்த்துவிட்டுக் கைரிக்ஷாவில் திரும்பும்போது அவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் பொது ஆஸ்பத்திரியில் இறந்தார். அந்த வருஷம் தீபாவளிக்கு வெளியாகியிருந்த 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் கூட்டம் குறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் பாகவதரும் நடித்திருந்தார், என்.எஸ்.கே.யும் நடித்திருந்தார். இருவரும் நாயுடுவும் கைதானார்கள். படம் மேலும் இரண்டு தீபாவளிகளைக் கண்டது. ஜனங்கள் திரையில் பார்த்துக் கைதட்டிய இருவரும் அந்தக் காலமெல்லாம் சிறையில் இருந்தார்கள்.

நீதிபதி மாக்கெட்டும் ஜூரிகளும் விசாரித்தார்கள். நாயுடு விடுதலையானார். 1945 மே மாதம் மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை. சென்னை ஹைகோர்ட் அப்பீலைத் தள்ளியது. லண்டன் பிரிவி கவுன்சில், அப்பீலைத் திரும்ப விசாரிக்கும்படி ஹைகோர்ட்டுக்கே அனுப்பியது. இம்முறை வி. எல். எத்திராஜ் வாதாடினார். 1947 ஏப்ரலில் இருவரும் வெளியே வந்தார்கள். பாகவதருக்குப் பழைய சிம்மாசனம் திரும்பக் கிடைக்கவில்லை, 1959இல் இறந்தார். என்.எஸ்.கே. மீண்டும் நடித்தார், படம் எடுத்தார், கையில் வந்ததையெல்லாம் கொடுத்தார். ஐம்பது வயதைத் தொடாமலே 1957இல் போய்விட்டார்.

லக்ஷ்மிகாந்தனைக் கொன்றது யார்? எண்பது வருஷங்கள் கடந்துவிட்டன. பதில் இல்லை.

என்.எஸ்.கே. எங்களூர் ஒழுகினசேரிக்காரர். டென்னிஸ் மைதானத்தில் பந்து பொறுக்கிப்போட்ட பையன்; வில்லுப் பாடிய பையன். அவர் சிறைக்குப் போனபோது எங்கள் பகுதி திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. 1956இல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. பட்டணத்துக் கோர்ட்டு எங்கள் ஆளைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டது என்ற ஆற்றாமை என் பால்யத்தில்கூட டீக்கடைகளில் உயிரோடு இருந்தது. வடசேரிச் சந்தைக்கு வரும் ஒவ்வொரு பாட்டாவுக்கும் உண்மையான கொலையாளி யார் என்பது தெரியும். ஒருவர் ஒரு ஜமீன்தாரைச் சொல்வார், இன்னொருவர் ஒரு சினிமா முதலாளியை, மூன்றாமவர் போலீஸையே. எல்லோரும் கண்ணால் கண்டவர்கள்போலத்தான் சொன்னார்கள். ஒருவர்கூட அதற்கு முன் சென்னையை மிதித்தவரில்லை.

நானும் என்.எஸ்.கே. நிரபராதி என்றே நம்புகிறேன். ஆனால் அந்த நம்பிக்கையில் தீர்ப்புக்கு எவ்வளவு பங்கு, ஒழுகினசேரிக்கு எவ்வளவு பங்கு என்று நேர்மையாகப் பிரித்துக்கொள்ள முடியவில்லை. விடுதலைத் தீர்ப்பு, இவர்கள்மேல் குற்றத்தைச் சுமத்த முடியாது என்றது. அதற்கு மேல் சொல்வது கோர்ட்டின் வேலையுமில்லை. மிச்ச இடத்தை நாம் நம் பிரியத்தால் நிரப்பிக்கொண்டோம். அந்த நிரப்பலில் ஒரு மனிதர் விடுபட்டுப் போனார். இத்தனை டீக்கடைப் பேச்சிலும் லக்ஷ்மிகாந்தன் செத்தது அநியாயம் என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த மர்மத்தில் நமக்குள்ள ருசியெல்லாம், கொலையுண்டவருக்காக யாரும் அழாததால் வந்த ருசி. குற்ற உணர்ச்சியின்றி ரசிக்கக்கூடிய கொலையாக அது இருந்தது.

ஆளவந்தார் கொலையோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 1952இல் போட் மெயிலில் டிரங்குப் பெட்டிக்குள் தலையில்லாத உடல். ராயபுரம் கடற்கரையில் தலை. இதைவிடக் கோரமான வழக்கு அன்று இல்லை. ஆனால் அதில் கொன்றது யார் என்று தெரிந்தது, தண்டனை கிடைத்தது, கதை மூடிக்கொண்டது. இன்றும் சொல்கிறார்கள், சொல்லி முடித்ததும் எழுந்து போகிறார்கள். லக்ஷ்மிகாந்தன் வழக்கைச் சொன்னால் யாரும் எழுந்து போவதில்லை. ஆளுக்கொரு பெயரைச் சொல்லத் தொடங்குகிறார்கள்.

இதை ஊரார்மேல் ஏற்றிவிட்டு நான் தப்பிக்க முடியாது. நாமெல்லாம் மஞ்சள் பத்திரிகையை அருவருத்து ஒதுக்குகிறவர்கள். தீவிர எழுத்து, பிரக்ஞை, நேர்மை என்று இருநூறு பிரதிகளில் வாதாடியவர்கள். அந்த இருநூறு பிரதிகளுக்குள்தான் நான் ஒரு கதை எழுதினேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண் குளத்தில் செத்துக் கிடந்தாள். தவறி விழுந்தாள் என்று எழுதி மூடினார்கள். ஊர் மூடவில்லை. அவளுடைய புருஷனைப் பார்த்து ஊர் குரலைத் தாழ்த்திற்று. அவ்வளவுதான், அதற்குமேல் எவரிடமும் எதுவும் இல்லை. ஒரு இருட்டுப் படித்துறை, ஒரு ஆண், தண்ணீரில் விழும் சத்தம் என்று நான் நாலு பக்கம் எழுதினேன். பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை. கொன்றான் என்றுகூட எழுதவில்லை. அந்த மௌனத்தைத்தான் நண்பர்கள் பாராட்டினார்கள். ஒருவர் உருவ அமைதி என்றார். நான் பூரித்துப்போனேன்.

இருநூறு பிரதி என்றாலும் நாகர்கோவிலுக்கு ஒரு பத்து வரும். அதில் ஒன்று எங்கள் தெருவுக்கு வந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவன் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாக வாசித்ததாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். அதுவரை குரலைத் தாழ்த்திப் பேசியவர்களுக்கு அச்சில் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. 'புஸ்தகத்திலயே போட்டிருக்கான்' என்றார்கள். அந்த மனிதர் இரண்டு மாதத்தில் பையனைக் கூட்டிக்கொண்டு ஆரல்வாய்மொழிப் பக்கம் போய்விட்டார். நான் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வருஷங்கள் கழித்து அவர் இறந்த செய்தி வந்தபோதும் போகவில்லை.

லக்ஷ்மிகாந்தன் காசுக்காக எழுதினார். நான் காசு வாங்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் இதுதானா என்று கேட்டுக்கொண்டால் உடனே ஒரு பதில் வருவதில்லை. அவருடைய பத்திரிகையைப் பிடிக்காதவர்கள் கவர்னருக்கு மனுப் போட முடிந்தது. என் கதாபாத்திரத்துக்குப் போவதற்கு எந்த இடமும் இல்லை.

சில வருஷங்களுக்கு முன் வடசேரி பஸ் நிலையத்தில் ஒருவர் என்னை மறித்தார். தலை நரைத்திருந்தது. அப்பாவின் பெயரைச் சொன்னதும் புரிந்துவிட்டது. எனக்கு வாய் உலர்ந்தது.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அப்பாக்க பெட்டியில ஒங்க கத இருந்துச்சு. அது ஒங்ககிட்டயே இருக்கட்டும்ணு எடுத்து வச்சேன். பையிலதான் கெடக்கு. எப்பயாவது பாத்தா குடுக்கலாம்ணு."

பழுத்து, மடிப்பில் கிழிந்த நாலு பக்கங்கள். அவர் கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "அப்பா ஏதாவது சொன்னாரா?" என்றேன். "ஒண்ணும் சொல்ல மாட்டாரு. எடுத்து வாசிப்பாரு, வைப்பாரு" என்றவர், தேரூர் பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். ஓரத்தில் திட்டோ சாபமோ ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரே இடத்தில் மட்டும் பென்சில் பட்டிருந்தது. 'நாலாவது படிவரை தண்ணீர் நின்றது' என்று நான் எழுதியிருந்தேன். நாலு என்பதை அடித்து, மேலே, பழகாத கையெழுத்தில், 'ஏழு' என்று திருத்தியிருந்தார்.

அன்றைக்குத் தண்ணீர் எந்தப் படியில் நின்றது என்று இவருக்கு எப்படித் தெரியும்? காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் முதலில் நினைத்தது இதைத்தான். அடுத்த கணமே உடம்பு கூசியது. அந்தக் குளத்தில் தினமும் குளித்த ஆள் அவர். எந்த மாதம் எத்தனை படி முழுகும் என்பது தெருவில் சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். தெரியாமல் எழுதியது நான் ஒருவன்தான். பெண்டாட்டி செத்த இடத்தைப் பற்றி எவனோ எழுதியதில், தம்மைக் குற்றவாளியாக்கிய வரிகளையெல்லாம் விட்டுவிட்டு, தப்பாக இருந்த ஒரு எண்ணை மட்டும் அவர் சரிசெய்திருக்கிறார்.

இருந்தும் அந்த முதல் நினைப்பு வந்தது. தாள்களைத் திரும்ப எடுக்கிறபோதெல்லாம் அதுதான் முதலில் வருகிறது. அண்ணாவி இப்போது இல்லை. இருந்தால் அவரிடம் கேட்பதற்கு வேறொரு கேள்வி இருக்கிறது: குளத்தில் செத்தவளைக் கொண்டு எங்கே இருத்த? வடசேரியிலிருந்து ஒழுகினசேரிக்கு நடக்கும்போதெல்லாம் வழியில் இரண்டொரு இசக்கி பீடம் தட்டுப்படும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களைக் கொன்றவர்களுக்கெல்லாம் பெயர் உண்டு. அவளுக்கு நான் கொடுத்தது ஒரு பெயர் சொல்லாத ஆளையும், தப்பான ஒரு எண்ணையும்தான்.