புதுக்கோட்டைக்குக் கிடைத்த கடல்

புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. தொண்டைமான்கள் ஆண்ட நாடு குன்றும் பாறையும் கண்மாயுமாகக் கிடந்தது. 1948-இல் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தபோதும் அப்படியேதான். 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டம் ஆனபோது தஞ்சையிலிருந்து அறந்தாங்கிப் பக்கம் வந்து சேர்ந்தது. அதோடு கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என்று நாற்பது கிலோமீட்டர் அளவுக்குக் கடற்கரையும் வந்தது. சித்தன்னவாசல் குன்றும் கட்டுமாவடிக் கடலும் ஒரே மாவட்டம் ஆனது அன்றைக்குத்தான்.

அறந்தாங்கியில் கட்டுமாவடி முக்கம் தாண்டிக் கிழக்கே திரும்பினால் தரை தாழ்ந்துகொண்டே போகும். கல்லணைக் கால்வாயின் கடைமடைச் சீமை இது. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல்கள், பிறகு தென்னந்தோப்பு, பிறகு கடல். இத்தாலியில் மலைச்சரிவில் தொற்றிக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கும் சின்க்வே தெரே ஊர்களைப் படத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கட்டுமாவடி முதல் பார்வையில் ஏமாற்றம்தான். வெள்ளை மணல் இல்லை. அலை இல்லை. கறுத்த சேறும் மீன்வாடையும் நிறுத்திவைத்த படகுகளும்தான் இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமேசுவரம் போகிற கார்கள் பெரும்பாலும் நிற்காமல் போய்விடுகின்றன.

நின்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. விடிவதற்குள் வந்துவிட வேண்டும். பாக் நீரிணையை ஒட்டிய இந்த விரிகுடா ஆழமே இல்லாதது. எதிரே இலங்கை மறைத்து நிற்பதால் பெரிய அலை உள்ளே வருவதில்லை. தண்ணீர் குறைந்த நேரத்தில் படகு கரைக்கு வராமல் தூரத்திலேயே நின்றுவிடும். ஆட்கள் இறங்கி, இடுப்பளவு, முழங்காலளவு என்று தண்ணீருக்குள்ளேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வருவார்கள். கடலில் இருந்து மனிதர்கள் நடந்து வரும் அந்தக் காட்சியை வேறு எந்தக் கரையிலும் நான் இத்தனை நிதானமாகப் பார்த்ததில்லை.

கரைக்கு வந்த வலையைப் பிரித்து நண்டு எடுப்பது தனி வேலை. வயதான ஓர் அம்மாள் பின்பக்கத் துடுப்புக்கால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, கொடுக்கு எட்டாதபடி திருப்பி, நைலான் நூலை ஒவ்வொரு காலாக விலக்கினார். ஆண் நண்டு நீலம், பெண் நண்டு பச்சை கலந்த பழுப்பு. ஒன்றைப் புரட்டி அடிவயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் அப்பியிருந்த சினையைக் காட்டினார்.

“இதை எடுக்கக்கூடாது தம்பி. இது ஒண்ணுகிட்டதான் அடுத்த வருசத்துப் பொழப்பே இருக்கு.”

சொல்லிவிட்டு, கடலுக்குத் திரும்பிப் போக அதைத் தனியே ஒரு வாளியில் போட்டார். பக்கத்தில் ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தது. இறாலும் கணவாயும் மடவையும் கூறுகூறாகக் கொட்டிக் கிடக்க, உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோகிறவர்கள் ஐஸ் பெட்டியோடு முண்டியடித்தார்கள்.

இத்தனையும் அந்த அழகில்லாத சேற்றிலிருந்து வருகிறது. ஆழமில்லாத நீரில் வெயில் அடி வரை இறங்குவதால் கடற்புல் மேய்ச்சல் நிலமாகப் படர்ந்திருக்கிறது. நண்டும் இறாலும் குஞ்சிலே வளர்வது அங்கேதான். அந்தப் புல்லை மேய வருவது ஆவுளியா என்று சொல்லும் கடல்பசு. ஒரு நாளைக்கு நாற்பது கிலோ வரை புல் தின்னும் சாது. 2022 செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலை கிழிந்தாலும் பரவாயில்லை என்று அறுத்து விட்ட மீனவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். வடக்கே சற்றுத் தூரத்தில், நெப்போலியனின் வீழ்ச்சியைக் கொண்டாட சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா நிற்கிறது. அதைவிட அந்த வலை அறுத்தவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் வைக்கலாம் என்பேன்.

மாவட்டத்துக்குக் கடல் வந்த அதே 1974-இல், ஜூன் மாதம், இந்தக் கடலில் இந்தியாவும் இலங்கையும் எல்லைக்கோடு போட்டன. கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. தெற்கே கோட்டைப்பட்டினத்திலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் விசைப்படகில் போகிறவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டியதாகக் கைதாகும் செய்தி இன்றும் வருகிறது. அந்தக் குடும்பங்களை நினைத்தால் மனசு கனக்கிறது. ஆனாலும் அந்த விசைப்படகுகளின் இழுவலை கடலின் அடியைச் சுரண்டிக்கொண்டு போகிறது என்ற யாழ்ப்பாணத்து மீனவரின் புகாரில் நியாயம் இருக்கிறது. அங்கே சுரண்டுவதும் இங்கே சுரண்டுவதும் ஒரே புல்தரையைத்தான்.

அமைதியான கடல் என்று முழுக்க நம்பிவிடவும் முடியாது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வந்தபோது இந்தப் பகுதியில் படகுகள் நொறுங்கின. தலைமுறையாக வளர்த்த தென்னைகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. தென்னை காய்க்க வருடக்கணக்காகும். கடலுக்குப் போனவர்கள் முதலில் எழுந்தார்கள்.

குடுமியான்மலையும் சித்தன்னவாசலும் பார்க்க வருகிறவர்கள் இன்னொரு பஸ் ஏறி இங்கேயும் வரட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போதும் நாட்டுப்படகுகள் போகும். மீன் வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும், அவ்வளவுதான். பை கொண்டு வாருங்கள். நண்டு வாங்கினால் அன்றைக்கே குழம்பு வைத்துவிடுங்கள்.