வகுப்பில் சொல்லாமல் விட்ட பெயர்



ஆம்பூரிலிருந்து வேலூர்க் கோட்டைக்குச் சுற்றுலா அழைத்துப் போகும்போதெல்லாம் 1806 சிப்பாய்ப் புரட்சியை மட்டுமே சொல்வேன். ஒருமுறை ஒரு மாணவி, "இதை யார் சார் கட்டினது?" என்று கேட்டாள். "யாரோ ஒரு நாயக்கர்" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். எனக்கே தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். கட்டியவராகச் சொல்லப்படுபவர் சின்ன பொம்மு நாயக்கர். விஜயநகரப் பேரரசின்கீழ் வேலூரை ஆண்டவர். 1565இல் தலைக்கோட்டைப் போரில் பேரரசு நிலைகுலைந்தது. ஆனாலும் 1566இல் இவர் வேண்டுகோளால் ஜலகண்டேஸ்வரருக்குக் கிடைத்த கொடையின் கல்வெட்டில் பேரரசர் சதாசிவராயர் பெயரே இருக்கிறது. அப்பைய தீட்சிதருக்கு இவர் கனகாபிஷேகம் செய்ததை அடையபலம் கோயிலின் 1582ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது.

அந்த மாணவி இதைப் படித்தால்: கேள்வி நல்ல கேள்விதான் அம்மா. "தெரியாது" என்று சொல்லத்தான் சாருக்கு அன்று தைரியம் வரவில்லை.