தேதி தாண்டிய நாட்கள்

ஈஸ்ட் ஹாம், லண்டன்



செப்டம்பரில் இங்கே பல்கலைக்கழகங்கள் திறக்கும்போது தமிழ்நாட்டுப் பெண்பிள்ளைகள் கூட்டமாக வந்து இறங்குவார்கள். அறை எங்கே கிடைக்கும், அரிசி எந்தக் கடையில் மலிவு என்று முன்னாலேயே வந்துவிட்ட எங்களிடம்தான் கேட்பார்கள். பழகி, உரிமையோடு அக்கா என்று கூப்பிடத் தொடங்கிய பிறகு சிலரிடமிருந்து இன்னொன்றும் வரும், பெரும்பாலும் நள்ளிரவில், போனில்: "மாத்திரை போட்டேன்க்கா. தேதி தாண்டிருச்சு, இன்னும் வரல." ஊரிலிருந்து, கைக்குழந்தையோடு இருக்கும் மணமான பெண்களும் இதையே கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

தேதி தள்ளிப்போவது அந்த அவசரக் கருத்தடை மாத்திரை வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. ஊரில் ஐ-பில், அன்வான்டட்-72 என்றும் இங்கே லெவோனெல் என்றும் விற்பதெல்லாம் ஒரே மருந்துதான்: லெவோநார்ஜெஸ்ட்ரெல், 1.5 மில்லிகிராம். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உறவு நடந்த அந்த இரவே கரு உண்டாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை உயிரோடு காத்திருக்கும். முட்டைக்கு ஆயுள் ஏறக்குறைய ஒரு நாள். அந்த முட்டை வெளிவருவதைத்தான் மாத்திரை தள்ளிப்போடுகிறது. முட்டை வெளிவந்து சுமார் இரண்டு வாரம் கழித்தே மாதவிலக்கு வரும். அது தள்ளினால் இதுவும் தள்ளத்தானே செய்யும்? சிலருக்கு முன்கூட்டியே வந்துவிடுவதும் உண்டு. பெரும்பாலோருக்கு எதிர்பார்த்த தேதிக்கு ஒரு வாரம் முன்பின்னாக வந்துவிடும். இங்கே ஐந்து நாள் வரை கொடுக்கும் யுலிப்ரிஸ்டால் என்ற இன்னொரு மாத்திரையிலும் இப்படித் தள்ளிப்போவது சகஜம்.

நம் வீடுகளுக்கு இது புதிய விஷயமே இல்லை. கோயில் திருவிழா, கல்யாணம், சுமங்கலி பூஜை என்றால் 'நாள் தள்ளிப்போட' ப்ரிமோலூட் மாத்திரையை அம்மாவே வாங்கித் தருவார். மருமகளுக்கு மாமியார் நினைவூட்டுவார். அதிலிருக்கும் நோரெதிஸ்டிரோனும் லெவோநார்ஜெஸ்ட்ரெலும் ஒரே குடும்பத்து ஹார்மோன்கள். மாத்திரையால் தேதி நகரும் என்று நன்றாகத் தெரிந்த வீட்டில், அந்த அறிவு ஒரு பெண்ணுக்கு மிகவும் தேவைப்படும் வாரத்தில் மட்டும் அவளுக்குக் கிடைக்காமல் போகிறது. எனக்கு இது பெரிய வேதனை. கேட்டால் வேறு கேள்விகள் வருமே என்று அவள் வாயைத் திறப்பதில்லை.

அந்தப் பயத்தில் செய்பவைதான் நிலைமையைக் குழப்புகின்றன. தேதி தாண்டியதும் 'எதற்கும் இருக்கட்டும்' என்று இன்னொரு மாத்திரை போடுகிறார்கள். உண்டான கருவை அது கலைக்காது, அதற்குத் தீங்கும் செய்யாது; கணக்குதான் இன்னும் குழம்பும். பப்பாளியும் எள்ளுருண்டையும் சாப்பிட்டு விலக்கை வரவழைத்துவிட முடியாது. மாத்திரை போட்ட சில நாளில் லேசாகப் பட்ட ரத்தத்தைப் பார்த்து, விலக்கு வந்துவிட்டது என்று நிம்மதி அடைவதும் தவறு. எல்லாவற்றிலும் முக்கியம் இது: மாத்திரை முட்டையைத் தள்ளித்தான் வைத்திருக்கிறது. அதே மாதத்தில் பிறகு பாதுகாப்பில்லாமல் சேர்ந்தால் அந்த முட்டை அப்போது வரலாம். போட்ட மாத்திரை அதற்குக் காவல் இல்லை. முன்பே முட்டை வெளிவந்திருந்தாலும் மாத்திரையால் ஒன்றும் செய்ய முடியாது. ஐந்து நாளுக்குள் காப்பர்-டி வைத்துக்கொள்வதுதான் அவசர வழிகளில் மிக உறுதியானது. அதை ஏனோ யாரும் சொல்வதே இல்லை.

எப்போது சோதிப்பது? உறவு நடந்த நான்காம் நாளே கிட் வாங்கிப் பார்க்கிறார்கள். ஒற்றைக் கோடு வந்தாலும் அதற்கு அர்த்தமில்லை. கரு கருப்பையில் பதிந்த பிறகே, கிட் தேடும் ஹார்மோன் சிறுநீரில் தெரியும். கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள் எண்ணுங்கள். அன்று பார்த்தால் அந்த முடிவை நம்பலாம். தேதி தாண்டி ஒரு வாரம் ஆகியும் வராவிட்டாலும் சோதித்துவிடுங்கள். அடிவயிற்றில் கடுமையான வலியோ மயக்கமோ வந்தால் நாள் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம். புது நாடு, இரவு வேலை, மன உளைச்சல், தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி என்று விலக்கு தள்ளிப்போக வேறு காரணங்களும் உண்டு.

இங்கிலாந்தில் 2001 முதல் இந்த மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையிலேயே வாங்கலாம். 2025 அக்டோபர் முதல் மருந்துக்கடைகளில் இலவசம். சிறு அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து மருந்தாளுநர் கேட்பார்: எப்போது நடந்தது, கடைசி விலக்கு எப்போது, வலிப்புக்கோ காசநோய்க்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எடை 70 கிலோவுக்கு மேலா. அந்த மருந்துகளும் கூடுதல் எடையும் மாத்திரையின் பலனைக் குறைக்கும் என்பதால் இந்தக் கேள்விகள். மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி வாருங்கள் என்பார். கல்யாணமாகிவிட்டதா என்பது அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியாவிலும் இது சீட்டில்லாமல் விற்கக்கூடிய மாத்திரைதான். ஆனாலும் தமிழ்நாட்டில் பல கடைகளில் இல்லை என்கிறார்கள், அல்லது ஏற இறங்கப் பார்க்கிறார்கள். 72 மணி நேரக் கெடுவில் ஒரு நாள் கடை தேடுவதிலேயே போய்விடுகிறது.

இரண்டு கோடுகள் வந்துவிட்டால்? பெற்றுக்கொள்வதா, வேண்டாமா என்பது உங்கள் முடிவு. மாத்திரை போட்டதால் குழந்தைக்கு ஊனம் வரும் என்று பயப்பட வேண்டியதில்லை. வேண்டாம் என்றால் போலி மருத்துவரிடம் போகாதீர்கள், யாரோ தரும் மாத்திரையைச் சாப்பிடாதீர்கள். இந்தியாவில் 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தை 2021-இல் திருத்தியபோது, கருத்தடை முறை தோற்றுப்போனால் என்ற பிரிவில் 'கணவர்' என்றிருந்த இடத்தில் 'துணைவர்' என்று வைத்தார்கள். மணமாகாத பெண்ணுக்கும் அதே உரிமை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்தோ அப்பா கையெழுத்தோ சட்டம் கேட்கவில்லை. உங்கள் பெயரை மருத்துவர் வெளியே சொல்வதையும் அதே சட்டம் தடுக்கிறது. யாராவது கையெழுத்து கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா