முள் காட்டிய எடை

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் ஸ்டோர் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தபோது, ஆட்கள் வெட்டிக் கொண்டுவந்த ரப்பர் பாலின் எடையைக் குறைத்து எழுதினேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தராசின் முள் பதினெட்டுக் கிலோவைத் தாண்டிப் பத்தொன்பதை நெருங்கி நின்றாலும் செக்ரோல் பதிவேட்டில் 18 என்றுதான் போட்டேன். முழு எண்ணைக் கூட்டுவது எளிது, அவ்வளவுதான் காரணம். எனக்குப் பழக்கமான சிலருக்கு மட்டும் அதே முள்ளை 19 என்று படித்தேன். சோம்பல் என்று சொல்லித் தப்பிக்க அதுவே இடம் தரவில்லை.

எடையோடு கணக்கு முடியாது. மரத்துப் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். அந்த ரப்பர் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக மிதக்கிறது. பெரும்பாலானவை ஒரு மைக்ரோனுக்கும் சிறியவை, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மேலே படிந்த புரதமும் கொழுப்பும் அவற்றை ஒட்டவிடாமல் வைத்திருக்கும். ஃபார்மிக் அமிலம் பட்டால் திரண்டு கட்டியாகும். பாலில் ரப்பர் எவ்வளவு என்று அறிய மெட்ரோலாக் என்ற மிதவையை விடுவோம். ரப்பர் தண்ணீரைவிட லேசானது. ஆகவே பால் கெட்டியாக இருந்தால் மிதவை ஆழமாக இறங்கும், தண்ணீராக இருந்தால் மேலே நிற்கும். நுரையை வழித்துவிட்டு, மிதவை ஆடாமல் நின்ற பிறகு பார்க்க வேண்டும். வரிசை நீண்ட காலைகளில் நான் நுரையோடு பார்த்தேன், ஆடும்போதே எழுதினேன்.

நாட்சம்பளத்துக்கு மேல், குறித்த எடையைத் தாண்டிய ரப்பருக்குக் கூடுதல் காசு உண்டு. நாளுக்குச் சராசரியாக நான் வெட்டிய அரைக் கிலோ அந்த எல்லையில்தான் விழுந்தது. மாதம் இருபத்தைந்து நாள் வேலை என்றால் ஓர் ஆளுக்குப் பன்னிரண்டரைக் கிலோ பால், ஏறக்குறைய நான்கு கிலோ காய்ந்த ரப்பர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, கொசுக்கடியில் நிரை நிரையாக வெட்டி எடுத்த ரப்பர் அது. இந்தக் கணக்கை நான் வேலையை விட்டு ஈப்போவுக்கு வந்து வெகுகாலம் கழித்தே போட்டேன். அன்றைக்கே போட்டிருக்கலாம், பென்சில் என் கையில்தான் இருந்தது.

ஒருநாள் ஓர் அம்மா, என் தாய் வயது, தோளில் சுமந்து வந்த காண்டா வாளியை இறக்கிவிட்டு முள்ளைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, பதினெட்டத் தாண்டித்தானே நிக்குது?"

"எனக்கே கணக்குச் சொல்லித் தர்றியா? வாளியில எவ்வளவு தண்ணி ஊத்தினே?" என்றேன், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி.

அவர் தண்ணீர் ஊற்றவில்லை. மிதவை நன்றாகவே இறங்கியிருந்தது, நான் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசாமல் வாளியைக் கழுவப் போனார். அதன் பிறகு என்னிடம் எடையைப் பற்றிக் கேட்டதே இல்லை. என் அம்மாவும் பால் வெட்டியவர். வேறு தோட்டத்தில், வேறொரு கிராணியின் பென்சிலை நம்பி.

இப்போது புகைமூட்டம் வரும்போதெல்லாம் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை மணிக்கு மணி பார்க்கிறேன். 2018 முதல் அதில் 2.5 மைக்ரோனும் அதற்குக் குறைவுமான தூசும் சேர்ந்திருக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரோன். இந்தத் தூசு நுரையீரலின் ஆழம்வரை போகும். எண் நூற்றைத் தாண்டினால் பேரனை வாசலுக்கு விடுவதில்லை. அரை மைக்ரோனும் எனக்கு இப்போது பொருட்டாக இருக்கிறது, மூச்சு என் வீட்டுப் பிள்ளையுடையது என்பதால். அந்த அம்மாவின் அரைக் கிலோ அப்படி இருக்கவில்லை.

தோட்டம் முதலில் செம்பனைக்கு மாறியது, பிறகு வீடமைப்புப் பகுதியானது. அந்த அம்மா இறந்துவிட்டார். அவர் மகனை ஈப்போவின் புந்தோங் சந்தையில் பார்ப்பேன். "கிராணி ஐயா, சுகமா?" என்று கேட்டு, என் பையை வாங்கி மோட்டார் சைக்கிளில் மாட்டிவிடுவார். ஒருமுறைகூட அவரிடம் வாய் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. தம்பி, உங்கள் அம்மா தண்ணீர் கலக்கவில்லை. அன்றைக்கு முள் பதினெட்டைத் தாண்டித்தான் நின்றது.