ரிவர் ரோடு, ரிவெரா ரோடு!

மன்ஹாட்டனில் 4-ம் நம்பர் சப்வே பிடிங்க. பூமிக்கடியிலேயே ஓடிக்கிட்டிருந்த ட்ரெயின், பிராங்க்ஸ் வந்ததும் சட்டுனு வெளிச்சத்துக்கு ஏறும். 161-வது தெரு ஸ்டேஷனில் இறங்கினா, எதிரே யாங்கி ஸ்டேடியம். ரயில் பாலத்துக்குக் கீழே போற ரோடு, ரிவர் அவென்யூ. 2014-ல் அதில் ஒரு பகுதிக்கு 'ரிவெரா அவென்யூ'னு பேர் வெச்சுட்டாங்க. இங்கிலீஷ்ல ஒரே ஒரு எழுத்துதான் எக்ஸ்ட்ரா!

யார் இந்த மரியானோ ரிவெரா? பனாமா நாட்டு மீனவ கிராமத்துப் பையன். பேஸ்பாலில் ரிலீஃப் பிட்சர். நம்ம டெத் ஓவர் பவுலர் மாதிரினு வெச்சுக்கங்க. டீம் கொஞ்சூண்டு லீடில் இருக்கும்போது கடைசியில் வந்து, மேட்ச்சைப் பறிகொடுக்காம முடிக்கணும். முடிச்சா கணக்கில் ஒரு 'சேவ்'. 'வின்' என்னவோ வேற பிட்சர் பேருக்குத்தான்! பாவமான வேலை பாஸ்.

தலைவர் கையில் முக்கியமா ஒரே அயிட்டம்... 'கட்டர்'. அதுதான் வரும்னு தெரிஞ்சும் பேட் உடையும். 2011 செப்டம்பர் 19, இதே ஸ்டேடியத்தில் 602-வது சேவ். ட்ரெவர் ஹாஃப்மேனின் 601 காலி! 2013-ல் ரிட்டயர் ஆனப்போ 652. இன்னிக்கும் அதுதான் ரெக்கார்டு.

சறுக்கலும் உண்டு. 2001 உலகத் தொடர், ஏழாவது மேட்ச், அரிசோனா. கடைசி இன்னிங்ஸில் ஒரு ரன் லீட். கோட்டை விட்டார். கப் போச்சு. ஆனா, அடுத்த சீசனும் அதே வேலைக்கு அவரைத்தான் கூப்பிட்டாங்க.

ரோட்டைத் தாண்டினா, பழைய ஸ்டேடியம் நின்ன இடம். 2008 சீசனோட மூடி, இடிச்சுட்டாங்க. ரிவெரா முதல்ல பேர் வாங்கின மண் அது. இப்போ பப்ளிக் கிரவுண்ட். உள்ளே போக டிக்கெட் வேணாம்!