விற்க முடியாத விடுமுறை

லைப்சிக், ஜெர்மனி



கோடை விடுமுறைக்கென்று பால்டிக் கடற்கரையிலுள்ள ஒரு சிற்றூருக்குக் குடும்பத்தோடு சென்ற இடத்தில் எனக்குக் கடுமையான காய்ச்சல் கண்டு, விடுமுறையில் பாதி படுக்கையிலேயே கழிந்தது. ஊர் திரும்பி இந்த வாரம் அலுவலகம் சென்றதும், சம்பளக் கணக்கைக் கவனிக்கும் அம்மையார் என்னை அழைத்து, அந்த ஊர் மருத்துவர் கொடுத்த சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, நான் காய்ச்சலில் கிடந்த நாட்களை விடுமுறைக் கணக்கிலிருந்து நீக்கி, அத்தனை நாட்களையும் மீண்டும் என் பெயரிலேயே வரவு வைத்துவிட்டதாகத் தெரிவித்தார். நான் விண்ணப்பம் எழுதவில்லை. எவரிடமும் போய் நிற்கவில்லை. அவரும் தாம் ஓர் உபகாரம் செய்ததாக எண்ணவில்லை. கடைக்காரர் பாக்கிச் சில்லறையை எண்ணிக் கொடுப்பதுபோல் கொடுத்துவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டார்.

இதற்குப் பின்னாலுள்ள சட்டத்தை நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1963ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஜெர்மானிய விடுமுறைச் சட்டம், ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டில் குறைந்தது நான்கு வாரம் சம்பளத்தோடு ஓய்வு தரப்பட வேண்டும் என்கிறது. அந்த ஓய்வு துண்டு துண்டாகச் சிதறிப் பயனற்றுப் போகாமல், அதில் இரண்டு வாரமேனும் தொடர்ச்சியாக அமைய வேண்டும் என்றும் அது விதிக்கிறது. ஓய்வின் நோக்கத்துக்கு முரணாக விடுமுறை நாட்களில் வேறிடத்தில் கூலிக்கு வேலை செய்யலாகாது. விடுமுறையில் நோய் வந்தால், மருத்துவர் சான்று உள்ள நாட்கள் விடுமுறையில் சேரா. ஏனெனில் நோயோடு போராடும் உடம்பு சக்தியைச் செலவழிக்கிறதே அன்றிச் சேமிக்கவில்லை. நோய்க்கு வேறு கணக்கு உண்டு. ஆறு வாரம் வரையில் முழுச் சம்பளத்தை முதலாளியே கொடுத்தாக வேண்டும். இவை எல்லாவற்றினும் என் மனத்தைத் தொட்டது ஒன்று: சட்டம் அளித்த இந்த நான்கு வாரத்தை, வேலையில் இருக்கும்வரை, எவரும் பணமாக மாற்றிக்கொள்ள முடியாது. வேலையை விட்டு விலகும்போது எஞ்சிய நாட்களுக்கு மட்டுமே பணம் உண்டு. மனிதன் தன் ஓய்வை விற்க விரும்பினாலும் வாங்குவதற்கு முதலாளிக்கு அதிகாரம் இல்லை.

என் தந்தையார் தாலுகா கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவர். ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்து பணம் வாங்குவது நம் நாட்டு அரசாங்க ஊழியர் குடும்பங்களில் எவ்வளவு இயல்பான காரியம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்காளின் கல்யாணச் செலவிலும் என் கல்லூரிக் கட்டணத்திலும் அந்தப் பணம் இருந்தது. அவர் விற்ற ஓய்வின்மீதுதான் நான் கால் ஊன்றி இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு சாவகாசமாகக் காசிக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, ஓய்வுபெற்றபோது முழங்கால் இடங்கொடுக்கவில்லை.

அதிகாலையில் எழுவது எப்படி, ஒரு மணியில் இரண்டு மணி வேலையை முடிப்பது எப்படி என்று உபதேசிக்கும் புத்தகங்கள் இந்நாட்டு ரயில் நிலையங்களிலும் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் எனக்குச் சிரத்தை இல்லை. உழைப்பையும் ஓய்வையும் பற்றி அவற்றைவிட ஆழமாகச் சிந்தித்த ஒருவர் இந்த லைப்சிக் சர்வகலாசாலையிலேயே இருந்தார். ரிகாவில் 1853இல் பிறந்து, 1887 முதல் இங்கே ரசாயனப் பேராசிரியராக விளங்கிய வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட், அளவுக்கு மீறிய உழைப்பால் தளர்ந்து, தம் பழைய வேகம் திரும்பாது என்பதை உணர்ந்தவர். 1906இல், ஐம்பத்து மூன்றாம் பிராயத்தில், பதவியைத் துறந்து கிராஸ்போத்தன் என்னும் கிராமத்துக்குக் குடியேறி, அங்கே தாம் வாழ்ந்த வீட்டுக்குச் 'சக்தி' என்றே பெயரிட்டார். மூன்றாண்டு கழித்து, 1909இல், நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அதன்பின் நிறங்களின் சாஸ்திரத்தில் இறங்கிப் புதிதாக உழைத்தார். சக்தியை விரயம் செய்யலாகாது, அதை மேன்மையான பயனாக மாற்ற வேண்டும் என்பதே அவர் மனித வாழ்வுக்கு வகுத்த கட்டளை. மனிதனின் ஆனந்தத்துக்கு ஒரு கணிதச் சூத்திரமும் எழுதினார். ஒருவன் விரும்பிச் செலவிடும் சக்தியையும் விருப்பமின்றிச் செலவிடும் சக்தியையும் கூட்டி, முன்னதிலிருந்து பின்னதைக் கழித்து வரும் மீதியால் அந்தக் கூட்டுத்தொகையைப் பெருக்கினால் கிடைப்பதே அவன் சுகம் என்பது அதன் சாரம்.

சுகத்தை எண்ணால் அளக்க முடியும் என்று நான் நம்பவில்லை. ஆயினும் அந்தச் சூத்திரத்தில் ஒரு பேருண்மை இருக்கிறது. மொத்தச் செலவு சிறிதானால் சுகமும் சிறிதே ஆகுமாதலால், சும்மா இருப்பவனுக்கு அதில் அதிக இடமில்லை. விருப்பமற்ற உழைப்பு மேலோங்கிவிட்டாலோ, எவ்வளவு உழைத்தாலும் துன்பமே பெருகும். ஆகவே எவ்வளவு உழைத்தோம் என்பதோடு எந்த மனத்தோடு உழைத்தோம் என்பதையும் கேட்டாக வேண்டும்.

இங்கேதான் நம்மவரின் ஞாபகம் வந்து மனத்தை நிறைக்கிறது. மாசி, பங்குனி மத்தியானங்களில் பாட்டி வீட்டுத் திண்ணையில் தெருப் பெண்டுகள் எல்லோரும் கூடிப் பேசிச் சிரித்துக்கொண்டே புளியைத் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். பொழுது சாயும்போது மூட்டை நிறைந்திருக்கும், எவர் முகத்திலும் சோர்வு இராது. அமாவாசையன்று கொத்தனார் கரண்டியைத் தொடமாட்டார். அதற்குச் சட்டம் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. இந்நாட்டாரோ தங்கள் சக்தியை மிகவும் கணக்கோடு காப்பவர்களாதலால், சிநேகிதர் வீட்டுக்குப் போவதற்கும் வாரக்கணக்கில் முன்கூட்டியே நாள் குறிக்க வேண்டியிருக்கிறது. எதிர்பாராமல் வந்த விருந்தாளிக்கு அவசரமாகக் காபி கலந்து கொடுத்து, இருட்டும்வரை பேசியிருப்பதில் மனிதனுக்கு ஊறும் பலம் இவர்களுக்குக் கிடைக்கவில்லையே என்று நான் வருந்துவதுண்டு.

உழைப்பவனின் ஓய்வுக்காகக் குரல் கொடுத்த பெருமையும் நமக்கு உண்டு. 1918இல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் பி. பி. வாடியாவையும் திரு. வி. கலியாணசுந்தரனாரையும் துணையாகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டபோது, அவர்கள் முறையிட்ட குறைகளில் ஒன்று, மத்தியானச் சோற்றை நிம்மதியாக உண்பதற்குப் போதிய இடைவேளை இல்லை என்பது.

அந்தச் சென்னையில்தான், சிறுசேரியில், என் அக்காள் மகன் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கிறான். இரு வேலை நாட்களுக்கு நடுவே பதினொரு மணி நேரம் இடையறாத ஓய்வு தரப்பட வேண்டும் என்ற விதியும் ஜெர்மனியில் உண்டு. ஆனால் இங்கே மாலை 5 மணிக்கு மேஜையைப் பூட்டிக்கொண்டு புறப்படும் ஜெர்மானியர், போகும் முன் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று அழைக்கும்போது, கோடைக் காலத்தில் அங்கே இரவு 8:30 ஆகிவிடுகிறது, குளிர்காலத்தில் 9:30. இவர்களுடைய ஓய்வைக் காக்கும் சட்டம் எல்லை தாண்டி அவனைக் காக்கவில்லை. இவர்கள் இளைப்பாறுவதற்கு வேண்டிய விழிப்பில் ஒரு பங்கை அவன் கண்கள் சுமக்கின்றன. இந்தச் சட்டத்தை இவ்வளவு புகழ்ந்த நான் இதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

எங்கள் பிரிவிலும் சென்னையிலுள்ள பிள்ளைகளோடு பேசும் வாராந்தரக் கூட்டம் மாலை 4 மணிக்குத்தான் நடந்துவந்தது. அதைக் காலைக்கு மாற்ற வேண்டும் என்று சென்ற மாதம் பிரிவுத் தலைவரிடம் கேட்டேன். காரணத்தைச் சொன்னதும் மறுப்பின்றி ஒப்புக்கொண்டார். 9 மணி வைத்தால் இந்தக் கோடையில் அங்கே 12:30 ஆகி அவர்கள் சாப்பாட்டு வேளையில் குறுக்கிடும் என்பதால், எங்களுடைய 8 மணிக்கு வைத்திருக்கிறோம்.