சுரைக்குடுக்கையை எப்போ அவிழ்க்கணும்?

தங்கச்சி மகன் துபாயில வேலை பாக்கான். லீவு நாள்ல தண்ணி மேல பலகையில நின்னு போற ஒரு விளையாட்டு கத்துக்கிறானாம். வேக்போர்டுன்னு பேரு. ரெண்டு காலையும் பலகையில மாட்டிக்கிட்டு கயித்தைப் பிடிச்சுக்கிடணும், முன்னால மோட்டார் படகு இழுத்துட்டுப் போகும். போன வாரம் போன் பண்ணினான்.

"மாமா, பலகைக்கு அடியில ஃபின் இருக்கு. அதைக் கழட்டிட்டு ஓட்டுனாத்தான் கெத்துன்னு கூட இருக்குற பயலுவ சொல்றானுவ. கழட்டிட்டுப் போனேன், எட்டுத் தடவை விழுந்துட்டேன். எப்போதான் கழட்டணும்?"

புளியங்குடியில எலுமிச்சை பறிக்கிறவன்கிட்ட கேக்க வேண்டிய கேள்வியா இது? ஆனா அவன் கேட்டதுக்குக் காரணம் இருக்கு. அவன் நீச்சல் பழகினது எங்க தோட்டத்துக் கிணத்துல, முதுகுல சுரைக்குடுக்கையைக் கட்டிக்கிட்டு.

டவுன்ல இருக்கிறவங்க சுரைக்குடுக்கையைப் பாத்திருக்க மாட்டீங்க. சுரைக்காயைப் பறிக்காம கொடியிலேயே முத்த விட்டு, அப்புறம் பரண்ல தொங்கப் போட்டா ஓடு மரம் மாதிரி இறுகிரும். ஆட்டினா உள்ள விதை கலகலன்னு சத்தம் கேக்கும். ஓட்டை போடாம அப்படியே ரெண்டு குடுக்கையைக் கயித்துல கோத்து, பிள்ளை முதுகுல கட்டிவிடுவோம். குடுக்கை கிடைக்காத வீட்டுல காஞ்ச முருங்கைக்கட்டை, மண்ணெண்ணெய் டின், லாரி டியூப். இப்போ மருந்து வந்த பிளாஸ்டிக் கேனைக் கூட கட்டுறாங்க. அதை மட்டும் செய்யாதீங்க, எத்தனை தடவை கழுவினாலும் பூச்சிமருந்து வாடை போகாது.

கட்டுறது லேசு. அவிழ்க்கிறதுலதான் நான் ஒரு தடவை தப்பு பண்ணிட்டேன்.

என் மகளுக்கு அப்போ ஒன்பது வயசு. நாலே நாள்ல துடுக்குன்னு ஆகிட்டா. மேல்படியில இருந்து குதிக்கிறா, கிணத்தைச் சுத்தி வாறா, சிரிக்கிறா. 'பயம் போயிருச்சு, இனி எதுக்குக் குடுக்கை'ன்னு நினைச்சேன். அஞ்சாம் நாள் கயித்தை லூசா முடிச்சுப் போட்டு, அவ நடுக்கிணத்துக்குப் போனதும் பின்னாலயே போயி உருவிட்டேன். சொல்லல. சொன்னா பயப்படுவான்னு ஒரு நினைப்பு. ரெண்டு முழுக்கு முங்கினா. கைக்கெட்டுற தூரத்துலதான் நான் இருந்தேன், உடனே தூக்கிட்டேன். மூக்குல தண்ணி ஏறி இருமுறதுக்கு நடுவுல ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. "சொல்லியிருக்கலாம்லப்பா."

அதுக்கப்புறம் ரெண்டு கோடை அவ கிணத்துப்பக்கம் வரவே இல்ல. மோட்டார் போட கூப்பிட்டாக்கூட வரப்புலயே நின்னுக்கிடுவா.

எங்க அப்பா விவரமானவர். எனக்குப் பழக்கும்போது அவர் என் மூஞ்சியைப் பாக்கவே மாட்டார், கயித்தைத்தான் பாத்துக்கிட்டு இருப்பார். அது என்னன்னு எனக்கு மகள் விஷயத்துக்குப் பிறகுதான் புரிஞ்சது. காலடிக்கத் தெரியாத பிள்ளை தண்ணில செங்குத்தா தொங்கும். குடுக்கை அதைத் தூக்கிக்கிட்டு நிக்கும், கயிறு விறைப்பா இருக்கும். கால் மேல வந்து உடம்பு படுக்க ஆரம்பிச்சதும் குடுக்கைக்கு வேலை இல்லாமப் போயி, கயிறு தொளதொளன்னு ஆகி, குடுக்கை பக்கவாட்டுல உருண்டுக்கிட்டுக் கிடக்கும். அந்த நேரம் பாத்து ஒன்னை மட்டும் அவிழ்ப்பார், அதுவும் காமிச்சுட்டு. இன்னொன்னை நானே அவிழ்த்துப் படியில வச்சேன்.

என் மகளுக்கு இருந்த தைரியம் குடுக்கையோட தைரியம். நான் கயித்தைப் பாக்காம சிரிப்பைப் பாத்துட்டேன்.

எலுமிச்சங்கன்னுலயும் இதே கூத்துதான். நட்டதும் காத்துக்குச் சாயாம குச்சி ஊனிக் கட்டுவோம். பாவம்னு ரொம்ப நாள் விட்டா தண்டு பருக்காது. காத்துல ஆடுற கன்னுதான் அடி பருத்து வேரை இறக்கும். கட்டு பட்டையில பதிஞ்சு வெட்டுனதையும் பாத்திருக்கேன். அதுக்காக வேர் பிடிக்கும் முன்னால உருவினா தென்மேற்குக் காத்து ஒரே ராத்திரியில படுக்கப் போட்டுரும். மலையடிவாரத்துல ஆனி, ஆடிக் காத்து எப்படின்னு இங்க வந்து பாத்தவங்களுக்குத் தெரியும். அதனால நான் மொதல்ல கட்டைத் தளர்த்தி, கன்னு கொஞ்சம் ஆடுற மாதிரி விட்டுருவேன். ஆடிட்டு நேரா வந்து நின்னா குச்சியைப் பிடுங்கலாம்.

மருமகன்கிட்ட ஃபின் என்ன வேலை செய்யுதுன்னு கேட்டேன். தண்ணியைக் கீறிக்கிட்டுப் போயி பலகையை நேரா வச்சுக்கிடுமாம். கழட்டிட்டா பலகை பக்கவாட்டுல வழுக்கும், தண்ணி மேலயே சுத்தலாம், வித்தை காட்டுறவங்களுக்கு அதுதான் வசதியாம்.

"அப்போ ஃபின் இருக்கும்போது நேரா போறது நீயா, ஃபின்னா?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. "குதிகாலை அமுக்கி, விரலை அமுக்கித் திருப்பணும் மாமா. எனக்கு இன்னும் அது சரியா வரல. படகு இழுக்குற பக்கம்தான் போறேன்."

"அப்போ மாட்டிக்கோ மாப்ள. நீ நெனச்ச பக்கம் திருப்பி, அலையைத் தாண்டிப் போயி, திரும்பி வா. அது தன்னால வந்த பிறகு பெருசைக் கழட்டிட்டுச் சின்னது இருந்தா போட்டுப் பாரு. பயலுவ சிரிச்சா சிரிக்கட்டும்."

சின்ன ஃபின்னும் கடையில கிடைக்குதாம், விசாரிச்சுட்டுச் சொல்றேன்னான்.

மகள் மூணாவது கோடையில அவளாத்தான் வந்து குடுக்கையைக் கேட்டா. கட்டிவிட்டேன். அவிழ்க்கிறது எப்போன்னு நான் வாயைத் திறக்கல. பதினோராம் நாள் படியில உக்காந்து அவளே முடிச்சை அவிழ்த்தா. "அப்பா, கீழ்ப்படியில வந்து நில்லு, தொடாத"ன்னா. நின்னேன்.

மருமகனோட சின்னப் பையன் அடுத்த வருஷம் பள்ளிக்கூட லீவுக்கு இங்க வாறான். பரண்ல ஏறிப் பாத்தேன், ஒரு குடுக்கையில எலி ஓட்டை போட்டு வச்சிருக்கு. ஆடிப்பட்டத்துல மோட்டார் ரூம் பக்கம் சுரைவிதை ஊனணும்.